சித்தி ஊரில் இல்லை

சேலம் ஃபேர்லேண்ட்ஸில் எனக்கு ஒரு சித்தப்பா இருக்கிறார். தமிழாசிரியராக இருந்து ரிட்டயர் ஆனவர். கண்ணில் அழுத்தம். டாக்டர்கள் க்ளாக்கோமா என்று சொல்கிற வியாதி, ஓரத்திலிருந்து தின்றுகொண்டே வந்து, ஆறேழு வருஷமாகப் பார்வை அறவே இல்லை. விளக்கு எரிகிறதா அணைந்திருக்கிறதா என்பது மட்டும் தெரியும். நடமாட்டத்தில் ஒரு குறையும் கிடையாது. சாரதா கல்லூரிச் சாலையின் டிராஃபிக் சத்தத்தை வைத்தே மணி சொல்லிவிடுவார்.

சாயங்காலம் ஆனால் சீரியல் பார்ப்பார். ‘பார்ப்பார்’ என்றுதான் அந்த வீட்டில் எல்லோரும் சொல்கிறார்கள், நானும் அப்படியே எழுதுகிறேன். பக்கத்தில் சித்தி. கையில் வெண்டைக்காயோ அவரைக்காயோ ஆய்ந்துகொண்டே சித்தி ஒரு தனி ஒலிபரப்பு நடத்துவார்.

‘‘கதவுக்குப் பின்னால நின்னு ஒட்டுக் கேக்கறா.’’

‘‘யாரு?’’

‘‘பெரியவ. பச்சைப் புடவை.’’

டொய்ங் என்று ஒரு சத்தம். மறுபடி டொய்ங். மூன்றாவது டொய்ங்.

‘‘இப்ப என்னாச்சு?’’

‘‘ஒண்ணும் ஆகலீங்க. முறைக்கறா. மூணு பேர் மூஞ்சியையும் சுத்திச் சுத்திக் காட்டறான்.’’

நம் சீரியல்களில் அரை மணிக்குப் பத்து நிமிஷம் விளம்பரம், மிச்சத்தில் பாதி டொய்ங். அந்த டொய்ங்குகளுக்குள்தான் கதையே நகர்கிறது. பாலில் மாத்திரை கலப்பது, கடிதத்தைக் கிழிப்பது, தாலியைத் தொட்டுப் பார்த்துக் கண் கலங்குவது எல்லாம் வசனமே இல்லாமல் நடக்கும். சித்தி இல்லாவிட்டால் சித்தப்பாவுக்கு எதுவும் கிடையாது.

போன மாதம் நான் சேலம் போனபோது சித்தி ஊரில் இல்லை. மகளின் பிரசவத்துக்குப் பெங்களூரு போயிருந்தார், மூன்று மாசம் ஆகும். சித்தப்பா தனியாக டி.வி. முன்னால் உட்கார்ந்திருந்தார். டொய்ங். டொய்ங். ‘‘நேத்து வரைக்கும் யாரோ ஒருத்திக்கு விஷம் வெக்கறதா இருந்துது. இன்னிக்கு எல்லாரும் அழறாங்க. விஷம் வெச்சாச்சா, இல்ல வேற எதுக்கோ அழறாங்களான்னு தெரியல கண்ணு’’ என்றார். சிரித்துக்கொண்டுதான் சொன்னார். எனக்குத்தான் சிரிப்பு வரவில்லை.

சித்தி சும்மா இருப்பாரா? பெங்களூருவிலிருந்து போனைப் போட்டு, அங்கே செல்போன் ஆப்பில் அதே சேனலைப் பார்த்து, இங்கே ஸ்பீக்கரில் சொல்ல முயன்றார். நடக்கவில்லை. ஆப்பில் வருவது கேபிளில் வருவதைவிட அரை நிமிஷம் பின்தங்கி வருகிறது. இங்கே ஊறுகாய் விளம்பரம் ஓடும்போது போனில் ‘‘ஐயோ, மாடியிலிருந்து தள்ளிட்டா!’’ என்று சித்தி அலறுகிறார். இரண்டு நாளில் இருவரும் விட்டுவிட்டார்கள்.

நான் ரிமோட்டைக் கையில் வாங்கிப் பார்த்தேன். ‘ஆடியோ’ என்று ஒரு பொத்தான். அதை அந்த வீட்டில் யாரும் அமுக்கியதாகத் தெரியவில்லை, எழுத்து தேயாமல் புதிதாக இருந்தது. ஒரு காட்டு விலங்குச் சேனலுக்குப் போய் அமுக்கினேன். புலி தமிழில் பதுங்கிக்கொண்டிருந்தது, இந்தியில் பதுங்கியது, தெலுங்கில் பதுங்கியது, ஆங்கிலத்தில் பாய்ந்தது. ஒரே படம், நான்கு குரல். சீரியல் சேனலுக்குத் திரும்பி அமுக்கினேன். ஒரே ஒரு ‘தமிழ்’. அந்த வாரம் முழுக்கத் தமிழ்ச் சேனல்களை ஒவ்வொன்றாகத் தட்டிப் பார்த்தேன். பார்வையற்றவர்களுக்கென்று ஒரு குரல் எதிலும் இல்லை.

இதில் எனக்குக் கோபம் வரக் காரணம், டி.வி. பெட்டிக்குள் அந்தக் குரலுக்கு ஏற்கெனவே இடம் ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். இன்று நேற்றல்ல, 1990களின் நடுவிலேயே. அதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்லவேண்டும். பொறுத்துக்கொள்ளுங்கள், பரீட்சை வைக்கமாட்டேன்.

ஸ்டூடியோவில் ஒருத்தி ‘‘அத்தை!’’ என்று கத்துகிறாள். அந்தச் சத்தத்தை ஒரு விநாடிக்கு 48,000 தடவை அளந்து எண்களாக்குகிறார்கள். இடது வலது இரண்டுக்கும் சேர்த்துக் கணக்குப் போட்டால் விநாடிக்கு 15 லட்சத்து 36 ஆயிரம் பிட். இவ்வளவையும் அனுப்பினால் கட்டுப்படியாகாது. இங்கே மனிதக் காதின் ஒரு பலவீனம் உதவிக்கு வருகிறது. தவில் அடிக்கும்போது பக்கத்தில் கொசு ரீங்காரமிட்டால் நமக்குக் கேட்காது. பெரிய சத்தம், அதே நேரத்தில் அதன் அக்கம்பக்கத்துச் சுருதியில் இருக்கும் சின்னச் சத்தத்தை மறைத்துவிடும். எது கேட்காதோ அதற்கு எதற்குச் செலவு? அதைக் கழித்துக் கட்டிவிட்டு, கேட்பதை மட்டும் சிக்கனமாக எழுதினால் எட்டில் ஒரு பங்கு, அதாவது விநாடிக்கு 1 லட்சத்து 92 ஆயிரம் பிட் போதும். ஐரோப்பியர்கள் எம்பெக் லேயர்-2 என்ற பெயரில் செய்த உபாயம் இது. எம்.பி.3க்கு அண்ணன்.

இப்படிச் சுருக்கியதை 1,152 அளவுகள் கொண்ட துண்டுகளாக நறுக்குகிறார்கள். ஒரு துண்டு 24 மில்லி விநாடிச் சத்தம், 576 பைட். ‘‘அத்தை’’ என்று முடிப்பதற்குள் பத்திருபது துண்டு ஆகிவிடும். சில துண்டுகளைச் சேர்த்து ஒரு மூட்டையாகக் கட்டி, மூட்டையின் தலையில் ஒரு நேர முத்திரை குத்துகிறார்கள். விநாடியை 90,000 பங்காகப் பிரித்த ஒரு கடிகாரத்தில் இந்தச் சத்தம் எந்தப் பங்கில் ஒலிக்கவேண்டும் என்பது அதில் இருக்கும். படத்துக்கும் இதே கடிகாரத்தில் முத்திரை உண்டு. வீட்டிலிருக்கும் பெட்டி இரண்டையும் ஒப்பிட்டுப் பார்த்துத்தான் உதடும் ஓசையும் சேர்கிற மாதிரி வெளியே விடுகிறது. பெங்களூரு சித்தியிடம் இல்லாதது இந்த முத்திரைதான். வர்ணனை வெளியிலிருந்து வந்தால் உதவாது, படத்தோடு ஒரே கடிகாரத்தில், ஒரே வண்டியில் வந்தாகவேண்டும்.

அந்த வண்டிக்கு வருவோம். மூட்டைகளை மறுபடி உடைத்து 188 பைட் பொட்டலங்களாகப் போடுகிறார்கள். ஃபேர்லேண்ட்ஸ் ஆனாலும் ஃபின்லாந்து ஆனாலும் டிஜிட்டல் டி.வி. என்பது இந்த 188 பைட் பொட்டலங்களின் ஊர்வலம்தான். ஒவ்வொன்றிலும் முதல் பைட் 71. ‘இங்கே ஆரம்பிக்கிறது’ என்பதற்கான பிள்ளையார் சுழி. அடுத்து ஒரு விலாச எண், 0 முதல் 8191 வரை. படத்துக்கு ஓர் எண், தமிழ்ச் சத்தத்துக்கு ஓர் எண், தெலுங்குக்கு ஓர் எண். எந்த எண்ணில் என்ன வருகிறது என்ற பட்டியலும் இதே மாதிரி பொட்டலங்களில் அடிக்கடி வந்துகொண்டிருக்கும். ரிமோட்டில் ‘ஆடியோ’வை அமுக்கினால், பெட்டி ஒரு விலாசத்தை விட்டுவிட்டு வேறு விலாசத்துப் பொட்டலங்களைப் பிரிக்க ஆரம்பிக்கிறது. அவ்வளவுதான் சூட்சுமம்.

அந்தப் பட்டியலில் ஒவ்வொரு சத்தத்துக்கும் மொழிப் பெயரை மூன்று எழுத்தில் போடலாம். அதற்கு அடுத்து ஒரே ஒரு பைட். இது என்ன வகைச் சத்தம் என்று சொல்வதற்கு. அதில் 2 என்று போட்டால் காது மந்தமானவர்களுக்கானது. 3 என்று போட்டால் பார்வையற்றவர்களுக்கான வர்ணனை.

இதைக் கருணை இல்லத்தில் கூடி எழுதவில்லை. 13818-1 என்ற எண்ணுள்ள சர்வதேசத் தரநிர்ணய ஆவணத்தில், எந்தப் பொட்டலத்தில் என்ன பைட் என்று வறட்டுத்தனமாக எழுதிக்கொண்டே போன எஞ்சினீயர்கள் நடுவில் நின்று, ‘கண் தெரியாதவங்களுக்கும் ஓர் எண் வை’ என்று வைத்துவிட்டுப் போயிருக்கிறார்கள். நாம் கால் நூற்றாண்டுக்கு மேலாக அந்த இடத்தில் பூஜ்யம் போட்டுக்கொண்டிருக்கிறோம்.

இடம் இல்லையோ? கணக்குப் பார்க்கலாம். கேபிளில் 8 மெகாஹெர்ட்ஸ் அகலமுள்ள ஒரு பாதையில், வழக்கமான ஒரு முறையில், விநாடிக்குச் சுமார் 38 மெகாபிட் போகும். அதாவது ஏறக்குறைய 25,000 பொட்டலங்கள். அதில் பத்துப் பதினைந்து சேனல்களை அடைக்கிறார்கள். வர்ணனையோடு கலந்த ஒரு முழு ஸ்டீரியோச் சத்தத்துக்கு எத்தனை பொட்டலம் தெரியுமா? சுமார் 135. இருநூறில் ஒன்று. இதில் இன்னொரு கூத்து, ஊர்வலத்தின் வேகம் குறையக் கூடாது என்பதால், அனுப்ப எதுவும் இல்லாத நேரத்தில் காலிப் பொட்டலங்களை அனுப்புவார்கள். அவற்றின் விலாசம் 8191. பெட்டி அதை வாங்கியவுடன் தூக்கி எறிந்துவிடும். இரவு பகலாகக் காலிப் பொட்டலங்கள் சேலத்துத் தெருக்களில் ஓடிக்கொண்டிருக்கின்றன. அதில் ஒரு கைப்பிடியைச் சித்தப்பாவுக்கு ஒதுக்க முடியாதா?

சரி, சட்டம் இல்லையோ? இருக்கிறது. மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், 2016. பிரிவு 42. மின்னணு ஊடகங்கள் அவர்களுக்கு எட்டும்படி ஒலி வர்ணனை, சைகை மொழி, எழுத்து வரிகள் ஆகியவற்றுக்கு அரசு நடவடிக்கை எடுக்கவேண்டும் என்று அதில் இருக்கிறது. வரிசையில் முதலில் இருப்பதே ஒலி வர்ணனை. அன்றாடம் புழங்கும் மின்னணுச் சாமான்கள் எல்லோரும் பயன்படுத்தும் வடிவமைப்பில் கிடைக்கவேண்டும் என்றும் அதே பிரிவு சொல்கிறது. (அந்த ரிமோட்டை நினைத்துக்கொண்டேன். ஐம்பது பொத்தான், தடவிக் கண்டுபிடிக்க ஒரு புள்ளிகூட மேடாக இல்லை.)

இந்தச் சட்டம் நடைமுறைக்கு வந்தது 2017 ஏப்ரலில். அதே ஏப்ரலில்தான் தமிழக அரசு கேபிள் நிறுவனத்துக்கு டிஜிட்டல் உரிமம் கிடைத்தது. அந்த செப்டம்பரில் வீட்டுக்கு வீடு இலவசப் பெட்டி கொடுக்க ஆரம்பித்தார்கள். அப்போது முதல்வர் இதே சேலம் மாவட்டத்து எடப்பாடிக்காரர். ஆள்பவர் மாறினார், ஆட்சி மாறியது, இந்தப் பைட் மட்டும் மாறவில்லை. கேபிளையே அரசாங்கம் நடத்துகிற மாநிலம் இது. இந்த விஷயத்தில் முன்னால் நிற்க நம்மைவிட வசதியான மாநிலம் எது?

2019 செப்டம்பரில் மத்திய தகவல் ஒலிபரப்பு அமைச்சகம் டி.வி.க்கு ஒரு தரவரையறை கொண்டுவந்தது. நல்ல காரியம். ஆனால் அதன் தலைப்பிலேயே செவித்திறன் குறைந்தவர்களுக்கு என்று போட்டு, கதவைச் சாத்திவிட்டார்கள். சித்தப்பாவுக்குக் காது நன்றாகக் கேட்கிறதே, அதுதான் அவர் செய்த தப்பு. 2024 மார்ச்சில் தியேட்டரில் ஓடும் படங்களுக்கு ஒலி வர்ணனை வேண்டும் என்று வழிகாட்டு நெறிகள் வந்தன. அதற்கு முந்தைய வருஷம் ஜனவரியில், ‘பதான்’ படத்தின் ஓ.டி.டி. வெளியீட்டுக்கு வர்ணனை தயாரிக்கச் சொன்னது டெல்லி உயர் நீதிமன்றம். ஆக, தியேட்டருக்கு வர்ணனை, ஓ.டி.டி.க்கு வர்ணனை. கண் தெரியாத ஒரு வயசாளி நடுக்கூடத்தில் உட்கார்ந்து பார்க்கிற டி.வி.க்கு மட்டும் டொய்ங். தியேட்டருக்கென்று ஒரு படத்துக்கு வர்ணனை செய்தால், அந்தப் படம் தீபாவளிக்கு முதன்முறையாகத் தொலைக்காட்சியில் வரும்போது அதையும் சேர்த்து அனுப்ப என்ன கேடு? எழுதியாகிவிட்டது, பேசியாகிவிட்டது. 135 பொட்டலம்தான் பாக்கி.

சேனல்காரர்களிடம் கேட்டால் என்ன சொல்வார்கள் என்பது எனக்குத் தெரியும். ‘எத்தனை பேர் சார் பார்ப்பாங்க?’ 2011 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் பார்வைக் குறைபாடு உள்ளவர்கள் நாடு முழுக்க 50 லட்சத்துக்கும் மேல். சித்தப்பா மாதிரி அதற்குப் பிறகு பார்வை போனவர்கள் அந்தக் கணக்கிலேயே இல்லை. இருக்கட்டும். எத்தனை பேர் பார்க்கிறார்கள் என்று எண்ணுவதற்கு இதே சேனல்கள் என்ன செய்கின்றன? தங்கள் சத்தத்துக்குள்ளேயே, நம் காதுக்குக் கேட்காத ஒரு ரகசிய முத்திரையைக் கலந்து அனுப்புகின்றன. ரேட்டிங் மீட்டர் அதைக் கேட்டு, எந்த வீட்டில் எந்தச் சேனல் ஓடுகிறது என்று குறித்துக்கொள்ளும். விளம்பரக்காரருக்காக யாருக்கும் கேட்காத சத்தத்தைச் சேர்க்கத் தெரிகிறது. கேட்பதற்கென்றே காத்திருக்கிறவர்களுக்குச் சேர்க்கத் தெரியவில்லை.

செலவு ஆகும்தான். இல்லை என்று சொல்லமாட்டேன். வர்ணனை எழுத ஓர் ஆள், பேச ஒரு குரல், கலக்க ஒரு மணி நேரம். தினசரி சீரியல்களில் நேற்று எடுத்ததை இன்று போடுகிற அவசரம் உண்டு. அதற்குள் வர்ணனை எழுதுவது கஷ்டம் என்று ஒரு எடிட்டர் சொன்னால் அதில் நியாயம் இருக்கிறது. சரி, சீரியலைக் கடைசியில் வைத்துக்கொள்ளலாம். ஞாயிற்றுக்கிழமை படத்தில் ஆரம்பியுங்கள். நூறாவது தடவை போடுகிற பழைய படத்துக்குக் கூடவா அவசரம்? பிரிட்டனில் 2003ஆம் வருஷச் சட்டம் சேனல்கள் பத்து சதவீத நிகழ்ச்சிகளுக்கு வர்ணனை தரவேண்டும் என்றது. பத்தே சதவீதம். அமெரிக்கப் பொதுத் தொலைக்காட்சியில் 1990லேயே ஆரம்பித்துவிட்டார்கள். அது டிஜிட்டல் வராத காலம், இருந்த ஒரு கூடுதல் ஒலித்தடத்தில் ஒட்டவைத்து அனுப்பினார்கள்.

ஆள் கிடைக்காது என்று மட்டும் தமிழன் சொல்லக்கூடாது. அதைக் கேட்டால்தான் எனக்கு நிஜமாகவே வருத்தம் வரும். சேப்பாக்கம் டெஸ்டை ரேடியோவில் கேட்டு வளர்ந்தவர்கள் இன்னும் உயிரோடு இருக்கிறோம். சாத்தான்குளம் அப்துல் ஜப்பார் போன்றவர்கள் பந்து யாருக்கு இடது பக்கம் போனது, யார் குனிந்தார், யார் கோட்டை விட்டார் என்று சொல்லச் சொல்ல, மைதானத்தையே பார்த்திராத கிராமங்களில் மைதானம் தெரிந்தது. ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வானொலியில் ஒலிச்சித்திரம் போடுவார்கள். தெரு முழுக்க அதே படம் கேட்கும். கோயில் திருவிழாவில் குழாய் ஸ்பீக்கரில் ‘திருவிளையாடல்’ வசனத்தை முழுசாக ஓடவிடுவார்கள், திரை ஏதும் இல்லாமலே. வேறெங்கும் போகவேண்டாம், சித்தப்பா வீட்டிலிருந்து கொஞ்ச தூரத்தில் ஏற்காடு சாலையில் மாடர்ன் தியேட்டர்ஸின் அலங்கார வளைவு மட்டும் நிற்கிறது. 1950இல் ‘மந்திரி குமாரி’ எடுத்த இடம். ‘‘அந்தப் படமெல்லாம் இன்னிக்குப் போட்டாலும் எனக்கு உங்க சித்தி வேண்டாம்டா’’ என்றார் சித்தப்பா. ‘‘வசனத்துலயே எல்லாம் தெரியும். யார் உள்ள வர்றாங்கன்னுகூடச் சொல்லிட்டுத்தான் வருவாங்க.’’ இப்போது படம் வளர்ந்துவிட்டது, பேசாமலே சொல்லத் தெரிந்துகொண்டது. கலைக்கு அது நல்லதுதான். அந்த வளர்ச்சியில் வெளியே தள்ளப்பட்டவர்களை உள்ளே கொண்டுவர வழி இல்லாமல் இல்லை. நமக்கு அதைச் செய்யத் தோன்றவில்லை.

இதெல்லாம் பேசி முடித்ததும் சித்தப்பா, ‘‘யாருக்கு எழுதிக் கேக்கணும்?’’ என்றார். இரண்டு பேருக்கு எழுதலாம் என்றேன். ஒன்று டெல்லி அமைச்சகம், இன்னொன்று சென்னையில் தகவல் தொழில்நுட்பத் துறை. அவர் சொல்லச் சொல்ல நான் எழுதுவதாக ஏற்பாடு. ஆனால் அவசரத்தில் நானே ஒரு நகல் எழுதிப் படித்துக் காட்டினேன். தமிழாசிரியர் அல்லவா, ஐந்து நிமிஷத்தில் நாலு ஒற்றுப் பிழை சொன்னார். படிக்கும்போது கேட்டே ஒற்றுப் பிழை கண்டுபிடிக்கிற காது அது. கடைசி வரி வந்தது. ‘தாங்கள் கருணையோடு பரிசீலித்து ஆவன செய்யுமாறு தாழ்மையுடன் கேட்டுக்கொள்கிறேன்.’

‘‘இரு இரு’’ என்றார். ‘‘பிரிவு நாப்பத்திரண்டுன்னுதானே சொன்னே?’’

‘‘ஆமாங்க சித்தப்பா.’’

‘‘அப்ப அந்தக் கருணையை அடிச்சுட்டு நம்பரைப் போடு. தாழ்மையும் வேண்டாம்.’’

அடித்துவிட்டு எழுதி, பதிவுத் தபாலில் அனுப்பியிருக்கிறேன். சித்தி வர இன்னும் ஏழு வாரம் இருக்கிறது.